போனில் நான் சொன்ன ‘சரி’

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவேன். இப்போது மறதியும் சேர்ந்திருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் என்பதால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். ஊர் கோவில்பட்டி. மாதம் ஐப்பசி என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் புதூரில் என் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏற நடந்து வந்தபோது கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் தூக்க முடியாத கனம் கனத்தது. கண்ணுக்குப் போடுகிற சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, கண் டாக்டரைப் பார்க்கத்தான் போனேன். என் வீட்டைப் பார்க்கிற எண்ணம் அன்றைக்கு எனக்கு இல்லவே இல்லை.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். நான் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து கோவில்பட்டியில் ஒரு வீடு கட்டினோம். முன்வீடு, பின்வீடு, மேலே மொட்டை மாடி. முன்வீட்டில் நாங்கள் இருந்தோம். பின்வீட்டை வாடகைக்கு விட்டோம். அதில் குடியிருந்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடையில் குடை ரிப்பேர் பார்ப்பார், பூட்டுக்குச் சாவி போட்டுக் கொடுப்பார். நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி என்னைப் பெரியம்மா என்பாள். ஒரே மகள். ஒன்பது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்கு நான் தூங்கிப்போனால் என் குடத்தையும் அவள் நிரப்பி வைத்திருப்பாள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கு முட்டி வலி வந்து, தனியாக இருக்க முடியவில்லை. புதூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் போய்விட்டேன். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன்தான் யோசித்து, கோவில்பட்டியில் ஒருவரை ஏற்பாடு செய்தான். வெளியூரில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தொழில். ஆள் பிடித்துக் குடிவைப்பார், வாடகை வாங்கி பேங்கில் போடுவார், குழாய் உடைந்தால் மாற்றுவார். எல்லாரும் அவரை மேனேஜர் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மகன் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படித்திருந்தாலும் பாதி விளங்கியிருக்காது.

மேனேஜர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். “வாங்க ஆச்சி, இருங்க ஆச்சி” என்றுதான் பேசுவார். ஆனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். குடியிருப்பவர்கள் எனக்குப் போன் பண்ணக் கூடாது, நானும் அவர்களுக்குப் பண்ணக் கூடாது, எதுவானாலும் அவர் வழியாகத்தான். உண்மையைச் சொல்லவேண்டும், அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. யாரிடமும் பேச வேண்டாம் பாருங்கள்.

மாதத்தில் ஒருதரம் இருதரம் அவர் எனக்குப் போன் பண்ணுவார். ரயில் போகிற மாதிரி பேசுவார். நான் இந்தப் பக்கம் “சரி... சரி...” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிறவர் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். ‘ம்’ கொட்டுகிற மாதிரிதான் அதுவும். “பக்கத்து வீட்டு ஆடு செத்துப் போச்சு” என்று என் மகள் சொன்னாலும் “சரி” என்பேன். ஆடு செத்தது சரி என்றா அர்த்தம்? மேலே சொல்லு, காது இங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். போனில் அதைச் சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கத்துவார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. திரும்பக் கேட்க வெட்கம். அதனால் சீக்கிரம் போனை வைக்கட்டும் என்று ஒரு ‘சரி’யைக் கூடுதலாகவே போட்டிருக்கிறேன்.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். புதூர்ப் பக்கம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. கிளம்ப நேரம் இருந்ததால் பாயையும் ஒரு எட்டுப் பார்ப்போம் என்று அவர் கடைக்குப் போனேன். எப்போதும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர் அன்று தலையைக் குனிந்து சாவிக்கு அரம் போட ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவியும் அங்கே இருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடையாளம் தெரியவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

“எம்மா, நான்தான்.”

“தெரியுது.”

“பிள்ளை சுகமா இருக்காளா?”

“அதைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிருதோம். எட்டு மாசப் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கிட்டு எங்கனயாவது போறோம். நீங்க நல்லா இருங்க.”

கட்டிக்கொடுத்த அவர்கள் மகள் பேறுகாலத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “யாரு காலி பண்ணச் சொன்னா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “கேக்குதாவ பாரு! நீங்கதான் சொன்னீங்க. மேனேஜர் போன்ல பிடிச்சு வச்சிருந்ததைப் போட்டுக் காட்டுனாவ. காலி பண்ணச் சொல்லிருதேன்னு அவிய சொல்லுதாவ, நீங்க சரி, சரிங்கறீங்க. ஒன்பது வருசம் கேட்ட குரலு எனக்குத் தெரியாதா பெரியம்மா?”

“நான் சொல்லலையே” என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

“அப்ப அந்த போன்ல இருந்தது எந்தப் பெரியம்மா?”

பாய் தலையைத் தூக்காமல், “ஏ, விடு. வயசானவியகிட்ட என்ன பேச்சு” என்றார். அவள் திட்டினதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

என் மகன் வயிற்றில் இருந்தபோது நாங்களும் வாடகைக்குத்தான் குடியிருந்தோம். எட்டாம் மாதத்தில் வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சாமானை அசைக்கக் கூடாது என்பார்கள். நாங்கள் அடுப்பிலிருந்து அம்மிவரைக்கும் அசைத்தோம். வெயிலில் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அந்த வருத்தத்தில்தான் சொந்த வீடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அந்தச் சொந்தக்காரரை எத்தனையோ வருஷம் மனசுக்குள் வைதிருக்கிறேன். ஆனால் அவராவது நேரில் வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். என் சுபாவத்துக்கு நான் ஏறியிருக்க வேண்டியவள்தான். அன்றைக்கு என்னவோ கால் போகவில்லை. “கடையைச் சாத்துங்க பாய். வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம்.

வாசல் கேட்டில் ஒரு தகடு மாட்டியிருந்தது. மேனேஜர் பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே ‘உரிமையாளரை நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று சிவப்பு எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். உரிமையாளர் என்பது நான். என்னிடம் யாரும் பேசக் கூடாது என்று என் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே, நடை முழுக்கக் கயிறு கட்டி ஈரத் துணி காயப்போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை நிறைந்த வயிற்றோடு துணிக்கு அடியில் குனிந்து குனிந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் கோபம் ஒன்றும் காட்டாமல் தண்ணீர் மோந்து கொடுத்தாள். “மாடியில காயப்போட வேண்டியதுதானே?” என்று கேட்டேன். மாடிப்படிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

பாய் சொன்னார்: “ஆறு மாசமா இப்படித்தான். உங்க உத்தரவுன்னு சொல்லிப் பூட்டுனாவ. ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் திறக்குதேன். இது நீங்க போட்டதுன்னாவ. அதான் தொடலை.”

அதற்கும் நான் ஏதோ ஒரு நாள் ‘சரி’ சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

அதுவரைக்கும் மேனேஜருக்கு நானாகப் போன் பண்ணினதே இல்லை. அன்றைக்குப் பண்ணினேன்.

“நான் வீட்டுல இருக்கேன் தம்பி. வாங்க.”

“எந்த வீட்டுல ஆச்சி?”

“என் வீட்டுல.”

கால் மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். கையில் ஒரு பைல். “முதல்லயே சொல்லியிருந்தா நானே கார் அனுப்பியிருப்பேனே” என்றார். இவர்களைக் காலி பண்ணச் சொன்னது யார் என்று கேட்டேன். “நீங்கதான் ஆச்சி. மறந்துட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் போட்டுக்காட்டினார்.

முதலில் அவர் குரல் கேட்டது. “பின்போர்ஷன்ல அக்ரிமெண்ட்டு ரெண்டு பேருக்குத்தான் ஆச்சி. இப்ப மக வந்து மூணு, அப்புறம் நாலு. தண்ணி பத்தாது. ஒரு கம்பெனியில ஸ்டாஃபுக்கு ரெண்டு போர்ஷனையும் சேர்த்துக் கேக்குறாங்க. நல்ல பார்ட்டி. இவங்களுக்கு நோட்டீஸ் குடுத்துருதேன்.” ஒவ்வொரு இடைவெளியிலும் என் குரல். சரி. சரி. சரி.

என் குரலேதான். இல்லை என்று எப்படிச் சொல்ல? அவர் நோட்டீஸ் என்று சொன்னது எனக்கு ஞாபகமும் வந்தது. நோட்டீஸ் என்றால் எனக்குத் தெரிந்தது கோயில் கொடைக்கு மஞ்சள் தாளில் அடித்துக் கொடுப்பதுதான். முன்வீடு காலியாகக் கிடந்ததால், ஆள் தேடி நோட்டீஸ் அடிக்கப்போகிறார், அதை அவர்களுக்கும் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சொன்னேன். மேனேஜர் சிரிக்கத்தான் செய்தார். பாய் மனைவி சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல்தரம் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தம்பி, நான் மெதுவாத்தான் பேசுவேன். கொஞ்சம் கேளுங்க” என்றேன்.

“சரி, சொல்லுங்க ஆச்சி.” அவர் கையில் இருந்த போனில் ஏதோ வந்திருந்தது. அதை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

“இந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவ நான்.”

“சரி.”

“இவிய ஒன்பது வருசத்துக்கு மேல இருக்காவ. ஒரு நாள் முகம் சுளிச்சது இல்ல.”

“சரி ஆச்சி.”

“அந்தப் பிள்ளைக்குப் பேறுகாலம் முடிஞ்சும் இவிய இங்கனதான் இருப்பாவ.”

“சரி...”

“மாடிச் சாவியும் முன்வீட்டுச் சாவியும் எங்கிட்டக் குடுத்துருவீங்க.”

“சரி.”

சத்தியமாக நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனேன். முதலில் கண்டுபிடித்தவள் பாய் மனைவிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஏ அல்லா, அவியளும் சரின்னுட்டாவளே!” என்றாள்.

மேனேஜர் தலையைத் தூக்கினார். “என்ன? என்ன சரி?”

“சாவியைத் தாரேன்னு சொன்னீங்க.”

“ஆச்சி, விளையாடாதீங்க. நீங்க பேசும்போது கேட்டுக்கிட்டு இருக்கேன்னு ஒரு இதுக்குச் சொன்னது.”

“நானும் அதே இதுக்குத்தான் தம்பி சொன்னேன்.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. உடனே என் மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மகன் என்னிடம், “அம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது. அக்ரிமெண்ட் இருக்கு. அவர் பார்த்துக்கிடுவார். நீ பேசாம பஸ் ஏறு” என்றான்.

என்னைப் பேசாமல் இரு என்று யாரும் சொல்லத் தேவையே இருந்ததில்லை. நானாகவே பேசாமல் இருந்தவள். அதை என் மகன் வாயால், அதுவும் அத்தனை பேர் முன்னால் கேட்டபோது உடம்பெல்லாம் சுட்டது.

“ஏய்யா, நீ எட்டு மாசமா என் வயித்துல இருக்கும்போது நம்மளையும் ஒருத்தர் காலி பண்ணச் சொன்னாரு. நான் வெயில்ல நடந்தேன். நீயும் என்கூடத்தான் நடந்தே. அந்த வேலையை இன்னொரு பிள்ளைக்கு என் பேரைச் சொல்லிச் செய்யவிட மாட்டேன். வீடு என் பேர்ல இருக்கு. இவிய போகமாட்டாவ.”

“சரிம்மா” என்றான் மகன்.

“எந்தச் சரி? கேட்டுக்கிட்டேங்கற சரியா, சம்மதம்ங்கற சரியா?”

போனை வைத்துவிட்டான். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மேனேஜர் பைலை மூடினார். சாவி ஆபீசில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். நாளைக்கு நான் புதூரில் இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். நான் பாய் பக்கம் திரும்பி, “அந்தப் பூட்டைத் திறங்க” என்றேன்.

பாய் தயங்கினார். மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் சொல்லுதேன் பாய். வீட்டுக்காரி நேர்ல நின்னு சொல்லுதேன். திறங்க.”

வீட்டுக்குள் போய்ச் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பியை விட்டு, காதைச் சாய்த்து, இரண்டு திருப்புத் திருப்பினார். அவ்வளவுதான். ஆறு மாதம் அவர் தொடாத பூட்டு. அதைக் கழற்றிப் பவ்வியமாக மேனேஜர் கையிலேயே கொடுத்தார். “உங்க பூட்டு அண்ணாச்சி. ஒண்ணும் சேதமாகலை.” பாய் மனைவி நடையில் கிடந்த ஈரத் துணியை எல்லாம் வாரித் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினாள். வாசல் தகட்டை நான் கழற்றப் பார்த்தேன், ஆணி வரவில்லை. சுத்தியலுக்காக எதிர்வீட்டில் போய்க் கேட்டேன். அந்தத் தெருவில் இருந்த காலம் முழுக்க ஒரு சாமானும் இரவல் கேட்காதவள் நான்.

மேனேஜரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்த எடுப்பில் முறிக்க முடியவில்லை. இரண்டு மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்ததாம். எழுதிக் கொடுத்தேன். அதை ஆபீஸ் பாஷையில் நோட்டீஸ் என்கிறார்கள் என்று இப்போது எனக்கும் தெரியும். போகும்போது அவர் என்னிடம், “நாப்பது வீடு பார்க்குதேன் ஆச்சி, ஒருத்தரும் இப்படிப் பண்ணதில்ல” என்றார். அந்த நாற்பது பேரும் போனில் எப்படிப் பேசுகிறார்களோ, தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் பின்வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மாதம் ஒரு தடவை நான் பஸ் பிடித்துப் போய் முன்வீட்டைத் திறந்து ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறேன். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. கம்பெனிக்கு விட்டிருந்தால் கூடுதலாக வந்திருக்கும் என்று மகன் இன்றைக்கும் சொல்கிறான். சொல்லட்டும்.

வயசான காலத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஓட முடியாதவர்கள் வைக்கத்தான் வேண்டும். ஆனால் குடியிருப்பவர்களிடம் உங்கள் நம்பர் இருக்கட்டும். விளங்காத வார்த்தை வந்தால், சிரித்தால் சிரிக்கட்டும் என்று கேட்டுவிடுங்கள். என் வெட்கத்துக்கு விலை கொடுக்க இருந்தது இன்னொரு வீட்டுப் பிள்ளை என்பது எனக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டு வரும்வரை தெரியாமல் போய்விட்டது.

இப்போது போனில் யார் பேசினாலும் நான் ‘சரி’ சொல்வதில்லை. “கேக்குதேன், சொல்லுங்க” என்கிறேன். என் மகள் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும்.

இதில் மாதம் ஐப்பசியா கார்த்திகையா, பூட்டு ஆறு மாதம் கிடந்ததா ஏழு மாதமா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. யாராவது பாயிடம் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அச்சுப் போடுவதற்கு முன்னால் எனக்கும் ஒரு தடவை போனில் படித்துக் காட்டுங்கள். அப்போது பழக்க தோஷத்தில் நான் ‘சரி’ என்று சொல்லிவிட்டால், அதை மட்டும் நம்பிப் போட்டுவிடாதீர்கள், சம்மதமா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.